கடல் மூடிய ஆண்டில் மாலைதீவில் ஒரு ரீச்சர்



சென்ற இதழ் வெளிவந்த பின் எனக்குக் கிடைத்த கடிதங்களில் மல்லாவியிலிருந்து வந்த ஒன்று என்னை நிறைய யோசிக்க வைத்தது. எழுதியவரின் தங்கைக்கு மாலைதீவில் ஆசிரியை வேலை சரிவந்திருக்கிறது. தாயாரோ போகவேண்டாம் என்று அழுகிறாராம். "நீங்கள் அங்கே கொரோனாக் காலத்தில் அகப்பட்டுக் கிடந்தவர் என்று அறிந்தோம். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் என் தங்கை என்ன செய்வாள்? மறைக்காமல் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் எழுதக்கூடிய கேள்வி அல்ல இது. ஆகவே இம்மாதப் பக்கத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

நான் 2018 ஜனவரியில் போனேன். மகள் சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு புறப்பட்டேன். அதற்கு முன் வன்னியில் தொண்டர் ஆசிரியையாகக் கணிதம் படிப்பித்தேன். நிரந்தர நியமனம் இந்த வருடம் வரும், அடுத்த வருடம் வரும் என்று எத்தனை பேர் காத்திருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். மகளின் அப்பா 2009 மே மாதத்திலிருந்து எங்களோடு இல்லை. படிவங்களில் என்ன எழுதுவது என்று இன்றும் எனக்குப் பேனை நின்றுவிடும். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வீட்டில் உழைக்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். கேட்க மிகவும் கிட்டத்தான். ஆனால் மாலைதீவு என்பது 1,190க்கு மேற்பட்ட தீவுகள். அவற்றில் மக்கள் ஊராக வாழ்வது 190க்கும் குறைவான தீவுகளில். எனக்குக் கிடைத்தது தெற்கே லாமு பவளத்தீவுக் கூட்டத்தில் ஒரு சிறு தீவு. மாலேயிலிருந்து இன்னொரு சிறிய விமானத்தில் ஏறி, கத்தூ என்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்து வள்ளத்தில் போகவேண்டும். ஊரின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்ச் சேரலாம். ஒரு பாடசாலை, ஒரு சுகாதார நிலையம், இரண்டு மூன்று கடைகள். பெரிய வருத்தம் என்றால் கான் தீவிலுள்ள வைத்தியசாலைக்குக் கடலில்தான் போகவேண்டும்.

பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். வீட்டில் பேசுவது திவேகி மொழி. அது சிங்களத்துக்கு உறவான மொழி என்று போன பிறகுதான் எனக்கு விளங்கியது. நாலுக்குச் சிங்களத்தில் ஹதர, அங்கே ஹதரு. மெனிக் பாமில் இருந்த காலத்தில் காதில் விழுந்த கொஞ்சச் சிங்களம் கடைசியில் இப்படி உதவியது! மூத்த சகோதரியை அவர்கள் 'தத்தா' என்பார்கள். எங்கள் முஸ்லிம் சகோதரிகள் அக்காவைத் 'தாத்தா' என்று அழைப்பதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. சாப்பாடும் அப்படித்தான். நாங்கள் சம்பலில் இடித்துப் போடும் மாசி அந்த நாட்டுச் சரக்கு. காலையில் மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். மஸ்ஹுனி என்று பெயர். முதல் நாள் சாப்பிட்டபோது எங்கள் மாசிச் சம்பலின் ஒன்றுவிட்ட சகோதரி என்றே நினைத்தேன்.

இரண்டு வருடம் அமைதியாகப் போயிற்று. 2020 மார்ச் 7ஆம் திகதி ஒரு உல்லாச விடுதித் தீவில் முதல் நோயாளர்கள் அறியப்பட்டார்கள். 12ஆம் திகதி அந்நாட்டில் பொதுச் சுகாதார அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் இங்கேயும் பாடசாலைகள் மூடின. 19ஆம் திகதி கட்டுநாயக்காவில் வந்திறங்கும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. அடுத்த நாள் ஊரடங்கு. ஒரு கிழமைக்குள் நான் இருந்த நாட்டின் கதவும் நான் வரவேண்டிய நாட்டின் கதவும் சாத்தப்பட்டுவிட்டன.

ஏப்ரல் 15ஆம் திகதி மாலே நகரில் முதல் உள்ளூர்த் தொற்று கண்டுபிடிக்கப்பட்டு நகரம் முழுதாக அடைக்கப்பட்டது. எங்கள் தீவில் ஒருவருக்கும் நோய் இல்லை. ஆனால் அரிசி, மா, சீனி, வெங்காயம், மருந்து எல்லாம் மாலேயிலிருந்துதான் வரவேண்டும். சரக்கு வள்ளம் ஓடியது. எப்போது வரும் என்பதுதான் தெரியாது. வள்ளம் கண்ணில் பட்டதும் சனம் கரைக்கு ஓடும். மரக்கறி கண்ட நாட்கள் குறைவு. முருங்கையும் பப்பாசியும் கைகொடுத்தன. மீனுக்கு மட்டும் ஒருநாளும் தட்டுப்பாடு வரவில்லை. சகோதரிகளே, பாதை பூட்டுவது, சாமான் வராமல் போவது, இருக்கிறதைக் கொண்டு ஒப்பேற்றுவது எல்லாம் நாங்கள் படித்து முடித்த பாடங்கள். என்னோடு வேலைசெய்த மற்ற நாட்டு ரீச்சர்மார் பதறியபோது நான் ஒரு கிலோ பருப்பை இத்தனை நாளுக்கு என்று பிரித்துப் போத்தல்களில் போட்டு வைத்தேன். அவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு தாங்களும் செய்தார்கள்.

படிப்பித்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கல்வி அமைச்சு 'டெலிகிலாஸ்' என்ற பெயரில் தொலைக்காட்சியில் பாடங்களைத் தொடங்கியது. வகுப்புக்கு ஒரு வைபர் குழு ஏற்கெனவே இருந்தது. அந்த நாட்டில் எல்லாக் காரியத்துக்கும் வைபர்தான். அதிலே பாடமும் கணக்கும் அனுப்பினோம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள், ஒரு கைத்தொலைபேசி. அதையும் தகப்பன் கடலுக்குக் கொண்டுபோய்விட்டால் பகலில் பாடம் இல்லை. உல்லாச விடுதிகளில் வேலைசெய்த தகப்பன்மார் பலர் விடுதி மூடியதால் சம்பளம் குறைந்தோ இல்லாமலோ வேறு தீவில் நின்றார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இரவு பதினொரு மணிக்குத்தான் விடைகளைப் படம்பிடித்து அனுப்புவான். தகப்பன் நித்திரைக்குப் போனபின் தொலைபேசி அவனுக்கு. நானும் அந்த நேரம்வரை விழித்திருந்து திருத்தி அனுப்புவேன். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் அவன் அடுத்த இரவுவரை காத்திருக்கவேண்டும் அல்லவா?

2009 இல் மெனிக் பாமில் தறப்பாளின் கீழே வகுப்பு வைத்த அனுபவம் எனக்கு இருந்தது. கிட்டத்தட்ட மூன்று இலட்சம் சனம் இருந்த இடத்தில் கொப்பியும் இல்லை, பேனையும் இல்லை. மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி விரலால் எழுதிக் காட்டினோம். அந்த ஆகஸ்டில் முகாமுக்குள்ளேயே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அங்கு நான் கற்ற ஒன்று உண்டு. பாடசாலை நின்றுபோனால் பிள்ளை முதலில் இழப்பது பாடத்தை அல்ல, நாளின் ஒழுங்கை. எத்தனை மணிக்கு எழும்புவது, யாருக்குக் காட்டுவதற்காக எழுதுவது என்பது போய்விடும். ஆகவே தீவிலும் அதைத்தான் பிடித்தேன். அதிபரிடம் கேட்டுப் பாடசாலைப் பிரதி இயந்திரத்தில் பயிற்சித்தாள்கள் எடுத்தோம். அங்கே கிழமை ஞாயிறில் தொடங்கி வியாழனில் முடியும். ஞாயிறு காலை ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் ஒரு பை தொங்கும். வியாழன் மாலை அதே பையில் விடைகள் தொங்கவேண்டும். கணக்குகளும் வீட்டிலிருந்தே வந்தன. இன்றைக்குப் பிடித்த மீன் எத்தனை, நாலு வீட்டுக்குப் பிரித்தால் எத்தனை, மிச்சம் எத்தனை. தாய்மார் விரும்பிச் செய்வித்தார்கள். சில பைகளில் விடைத்தாளோடு மாசித் துண்டும் இருக்கும். ஒரு பையில் மூன்று கிழமையாக விடை வரவில்லை. போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் தாய் மாலேயில் அடைபட்டுக் கிடக்கிறார், பிள்ளை பாட்டியோடு. என் மகளின் நிலைதான்! அந்தப் பிள்ளைக்குப் படலையில் பை கட்டாமல், தினமும் பின்னேரம் முற்றத்தில் தள்ளி இருந்து சொல்லிக்கொடுத்தேன்.

நோன்பு ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. நான் இருந்த அறைக்குப் பக்கத்து வீட்டுத் தத்தா ஒவ்வொரு பின்னேரமும் மீன் வைத்த பலகாரத்தை மதில்மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். நான் நோன்பு பிடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். "தனியாக இருப்பவர் சமைக்க அலுப்புப்படுவார்" என்று மட்டும் சொல்வார். என் திவேகியும் அவரது ஆங்கிலமும் அரைகுறைதான். மதிலின் இரண்டு பக்கத்திலும் நின்று நாங்கள் கதைத்ததற்கு அளவில்லை.

மே மாதமும் வந்தது. அந்த மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊரில் இருந்தால் அம்மாவும் மகளும் நானும் ஒன்றாக இருப்போம். மாலைதீவில் இஸ்லாம் தவிர்ந்த மதங்களின் வழிபாட்டுக்குப் பொது இடம் கிடையாது. சுவாமிச் சிலைகள் கொண்டுபோகவும் அனுமதி இல்லை. அது அந்த நாட்டுச் சட்டம். போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகவேண்டும். அன்று விடிய எழும்பிக் கடற்கரையில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தத்தா வந்து பக்கத்தில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

இனி, பணம். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியதாகாது. சம்பளம் ரூபியாவில் வரும். ஒரு டொலருக்கு 15.42 ரூபியா என்பது அரச விகிதம். அந்த விகிதத்தில் தேவையான அளவு டொலர் வங்கியில் கிடைப்பது கடினம். வெளியில் வாங்கினால் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். ஆகவே நாங்கள் பலர் ரூபியாவைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக டொலராக மாற்றி, லீவில் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்புவோம். விமானம் நின்றதும் அந்த வழி அடைபட்டது. என் சம்பளம் ஒழுங்காகக் கணக்கில் விழுந்தது. வீட்டுக்கு இரண்டு மாதம் ஒரு சதமும் போகவில்லை. ஏப்ரலிலும் மேயிலும் அரசு கொடுத்த 5,000 ரூபா அம்மாவுக்கு வந்தது. முருங்கையும் கோழி முட்டையும் இருந்தன. மிகுதி, சந்திக் கடைக்காரரின் கடன் கொப்பியில். "மகள் அனுப்பேக்க தாங்கோ அம்மா" என்று அவர் சொன்னாராம். அந்தக் கொப்பியை முழுதாக வெட்டிச் சுத்தமாக்க எனக்குச் செப்ரெம்பர் ஆனது.

இந்த வேளையில்தான் போவதா நிற்பதா என்ற கேள்வி வந்தது. இந்தியா தன் ஆட்களை ஏற்றக் கடற்படைக் கப்பலை அனுப்பியது. ஐ.என்.எஸ். ஜலஷ்வா மே 8ஆம் திகதி 698 பேரோடு மாலேயிலிருந்து கொச்சிக்குப் புறப்பட்டது. ஜூன் 7ஆம் திகதி தூத்துக்குடியில் போய்ச் சேர்ந்த பயணத்தில் எங்கள் பாடசாலை நாகர்கோவில் ரீச்சரும் போனார். தன் தோசைக்கல்லை எனக்குத் தந்துவிட்டு அழுதபடி வள்ளத்தில் ஏறினார். இலங்கையரை ஏற்றவும் விசேட விமானங்கள் விடப்பட்டன. பெயரைப் பதியலாம். ஆனால் பெயரைப் பதியப் பேனையை எடுத்தபோது மூன்று விடயங்கள் முன்னால் நின்றன. போனால் எல்லை திறந்து திரும்பி வருவேனா, வேலை இருக்குமா என்பது தெரியாது. விமானத்தால் இறங்கியதும் இராணுவம் நடத்திய தனிமைப்படுத்தல் நிலையத்தில் 14 நாள். நோய் பரவாமல் இருக்க அது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரவில் பஸ்ஸில் ஏற்றி, எங்கே என்று தெரியாமல் கொண்டுபோய், கம்பிவேலிக்குள் இறக்குவதை நினைத்தபோதே எனக்குக் கை நடுங்கியது. ஒருமுறை அப்படி இறங்கியவர்களுக்கு அது விளங்கும். மூன்றாவது, மகளின் உயர்தரப் பரீட்சை.

அவள் வர்த்தகப் பிரிவு. பரீட்சை ஆகஸ்டில் என்றார்கள், பிறகு செப்ரெம்பர் 7 என்றார்கள், கடைசியில் ஒக்ரோபர் 12 ஆயிற்று. ரியூசன் இல்லை, பாடசாலை இல்லை. ஒரு தாய் பக்கத்தில் நிற்கவேண்டிய நேரம் அதுதான் என்று என் மனம் சொன்னது. தொலைபேசியில் கேட்டேன். அம்மா சொன்னார்: "நீ வந்து என்ன செய்யப்போறாய்? கடைக்காசு ஆர் குடுக்கிறது?" மகள் கொஞ்சம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அம்மா, நீங்க வந்தா நான் உங்களோட கதைச்சுக்கொண்டே இருப்பன். படிக்கமாட்டன். அங்கயே நில்லுங்கோ. ஆனா காலமை எழுப்பிவிடுங்கோ" என்றாள்.

அதனால் நின்றேன். அங்குள்ள நேரம் எங்கள் நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தியது. அவளுக்கு நாலரை என்றால் எனக்கு நாலு. எழுப்பிவிட்டுத் தொலைபேசியை வைக்கமாட்டோம். திறந்தபடி மேசையில் நிற்கும். அவள் கணக்கீடு செய்வாள், நான் பயிற்சித்தாள் திருத்துவேன். ஒன்றும் கதைப்பதில்லை. பேனை கீறும் சத்தம் கேட்கும், ஊர்ச் சேவல் கூவும், அம்மா அடுப்பு மூட்டும் சத்தம் வரும். டேற்றா முடிந்து இணைப்பு அறுந்தால் மட்டும் இரண்டு பேரும் திடுக்கிட்டு நிமிர்வோம். ஜூன் தொடங்கி ஒக்ரோபர் வரை இப்படித்தான். பரீட்சைக்கு ஒரு கிழமைக்கு முன்னர் மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வெடித்து, பரீட்சை நடக்குமோ என்ற பதற்றம் வேறு. நடந்தது. முகக்கவசத்தோடு போய் எழுதிவிட்டு வந்தாள்.

என்னைப் பற்றியே எழுதுகிறேன். அங்கு என்னைவிட மோசமாக அகப்பட்டவர்கள் பங்களாதேஷ் தொழிலாளர்கள். மாலேயில் ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் இடங்களில்தான் நோய் தீயாகப் பரவியது. எங்கள் தீவில் கட்டட வேலைக்கு வந்த சிலர் வேலை நின்று, சம்பளமும் நின்று கிடந்தார்கள். நான் நடந்துபோனால் "ரீச்சர்" என்று எழும்பி நிற்கும் ஊர், அவர்களைக் கண்டால் முகக்கவசத்தை ஏற்றிவிட்டு விலகியது. இரண்டு பேரும் வெளிநாட்டவர்தான். கையில் இருந்த ஒப்பந்தமும் செய்த தொழிலும்தான் வித்தியாசம். 2021 பெப்ரவரியில் தடுப்பூசி தொடங்கியபோது வெளிநாட்டவருக்கும், பத்திரம் இல்லாதவருக்கும் கூட இலவசமாகப் போட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அது நல்ல காரியம். அந்த வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றுதான் நானும் போட்டுக்கொண்டேன்.

பெறுபேறு 2021 மே 4ஆம் திகதி வந்தது. மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குப் போதவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் கணக்கியல் டிப்ளோமாவுக்குச் சேர்ந்து முடித்துவிட்டாள். பக்கத்தில் நின்றிருந்தால் கூடப் புள்ளி எடுத்திருப்பாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவளிடமும் நான் கேட்டதில்லை. நான் 2022 முடிவில், ஒப்பந்தம் முடிந்துதான் திரும்பினேன்.

மல்லாவிச் சகோதரிக்கு: தங்கை போகட்டும். ஆனால் வருகை விசாவில் போய்ப் பிறகு வேலை விசா எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அந்த விசாவில் வேலைசெய்வது அங்கே குற்றம். புறப்படுமுன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியவேண்டும். ஒப்பந்தத்தில் தங்குமிடம், லீவுக்கான விமான ரிக்கற், சம்பளம் எந்த நாணயத்தில், பாடசாலை மூடினால் சம்பளம் உண்டா என்ற நாலையும் ஒரு ஆங்கில ரீச்சரிடம் கொடுத்து வாசிப்பித்துக் கேளுங்கள். வீட்டுக்காரர் கையில் மூன்று மாதச் செலவு இருக்கும் வரைக்கும் அனுப்பும் காசைத் தொடவேண்டாம். காசை ஒரே ஆளின் கையில் கொடுத்தனுப்பும் வழியை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். தாயாருக்குக் கைத்தொலைபேசியில் படத்தோடு கதைக்கப் பழக்கிவிடுங்கள். அதைத் தங்கை போனபிறகு பழக்கலாம் என்று விடவேண்டாம். கண்ணீரோடு இருக்கும்போது ஒருவருக்கும் பொத்தான் தெரியாது. தோசைக்கல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பணியகத்தில் பதிய என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று வேறு இருவரும் கேட்டிருக்கிறார்கள். இடம் போதாததால் அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.